குச்சி வைத்த பட்டனும் நடுநிலைக் கப்பல்களும்

தம்பி,

வழக்கமாக உனக்கு எழுதும்போது ‘கர்த்தருக்குள் பிரியமான மகனுக்கு’ என்று தொடங்குவேன். இன்றைக்கு அந்தப் பிரியத்தைக் கொஞ்ச நேரம் ஓரமாக வைத்துவிட்டுத்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து சாப்பிட வந்தவன், பாதிச் சோற்றில் எழுந்து, சிங்கப்பெருமாள் கோவில் ஊரில் நீ வாடகைக்கு எடுத்திருக்கிற அறைக்குப் போய்விட்டாய். மூன்று நாளாகப் போனையும் எடுக்கவில்லை. பேச விடாதவனுக்கு எழுதத்தானே வேண்டும்? உன் அப்பா ஓட்டுகிற கம்பெனி பஸ்ஸிலேயே இதைக் கொடுத்தனுப்புகிறேன். உறையை ஒட்டவில்லை. மறதி என்று நினைக்காதே. அதே பஸ்ஸில் உன்னோடு வருகிற அந்த மூன்று பிரஸ் ஆப்பரேட்டர்களும் படிக்கட்டும் என்றுதான் திறந்து விட்டிருக்கிறேன். கடிதம் உங்கள் நாலு பேருக்கும் பொது. திட்டு மட்டும் உனக்கு.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீ அதைக் கவனிக்கவே இல்லை என்று கம்பெனி விசாரணையில் சொல்லிவிட்டு வந்திருக்கிறாய். நம் மாடி அறையில் மூன்று வருஷமாகக் குடியிருக்கிற சுடலைமுத்து, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஐ.டி.ஐ. முடித்து வந்த பிள்ளை, நீ வேலை பார்க்கிற அதே ஒரகடம் கம்பெனியில் பிரஸ் ஓட்டுகிறவன். கார்க் கதவுக்குக் கீல் அடிக்கிற பழைய பிரஸ். இரண்டு பக்கமும் இரண்டு பட்டன். இரண்டு கையாலும் சேர்த்து அழுத்தினால்தான் மேலே இருக்கிற இரும்பு அச்சு கீழே இறங்கும். கை இரண்டும் பட்டனில் இருந்தால் உள்ளே மாட்டாது, அதற்காகத்தான் அப்படிச் செய்து வைத்திருக்கிறார்கள். ஆனால் இரண்டு கையும் பட்டனில் இருந்தால் தகடு எடுத்து வைக்க நேரம் ஆகிறதாம். அதனால் உங்கள் ஷிப்ட் இன்சார்ஜ் கண்டுபிடித்த வழி, ஒரு பட்டனில் ஒரு குச்சியைச் செருகி டேப் சுற்றிவிடுவது. அப்புறம் ஒரு கை போதும். நாலு பிரஸ்ஸிலும் குச்சி. “டார்கெட் முடியணும்னா குச்சி போடு” என்று அந்த மனுஷர் லைனில் நின்று கத்துவதை, இதே சாப்பாட்டு மேஜையில் நீதான் நடித்துக்காட்டினாய். நாங்களும் சிரித்தோம். எனக்கு இப்போது அந்தச் சிரிப்பை நினைத்தால் உடம்பு கூசுகிறது.

போன மாதம் சுடலையின் வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது. கட்டுப் பிரிக்கும் முன்பே சார்ஜ் ஷீட் வந்துவிட்டது. பாதுகாப்புப் பட்டனைத் தன் இஷ்டத்துக்கு முடக்கினானாம், கம்பெனி விதியை மீறினானாம். குற்றம் நிரூபணமானால் வேலையும் இல்லை, விரலுக்குப் பதில் சொல்கிறவரும் இல்லை. பக்கத்துப் பிரஸ்ஸில் நின்ற மூன்று பேரும் ஒவ்வொருவராக உள்ளே போய், ‘என் மிஷினைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்’ என்றார்கள். நாலாவதாக நீ போனாய். குவாலிட்டி இன்ஸ்பெக்டர். மணிக்கு ஒரு தரம் ஒவ்வொரு பிரஸ்ஸையும் பார்த்து செக் ஷீட்டில் டிக் போடுகிறவன். “நான் கவனிக்கவில்லை சார், நான் எந்தப் பக்கமும் இல்லை” என்று சொல்லிவிட்டு வந்தாய். கண் இருப்பதற்காகவே சம்பளம் வாங்குகிறவன் கவனிக்கவில்லையாம்.

ஞாயிற்றுக்கிழமை நான் கேட்டதற்கு என்ன சொன்னாய் என்று உனக்கு நினைவிருக்கட்டும். “நான் இன்னாமா பண்றது? மேனேஜ்மென்ட் சொல்றத சொன்னா யூனியன்காரன் மூஞ்சில துப்புவான். யூனியன் சொல்றத சொன்னா என் கன்பர்மேஷன் காலி, வேல பெர்மனன்ட் ஆவாது. அதான் நான் நியூட்ரல். நீங்களே கிளாஸ்ல நடுநிலை, நடுநிலைன்னு நடத்திக்கினு இருப்பீங்களே.” உன் அப்பா தலையைத் தூக்காமல் மீன் முள்ளை எடுத்துக்கொண்டே சொன்னார்: “நியூட்ரல்ல போட்டா வண்டி நிக்கும்னு எவன்டா சொன்னான்? எந்தப் பக்கம் சரிவா கீதோ அந்தப் பக்கம் தானா உருளும்.” அப்போதுதான் நீ எழுந்து கை கழுவினாய்.

எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டிருப்பேன், தம்பி. பயமாக இருக்கிறது என்று சொல்லியிருந்தால் உன்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதிருப்பேன். ஆனால் இருபத்தாறு வருஷமாக வரலாறு நடத்துகிறவளிடம் வந்து, பயத்துக்கு நடுநிலை என்று பெயர் சொன்னாயே, அதுதான் தாங்கவில்லை. அதுவும் தரங்கம்பாடிக்காரியிடம். என் ஊரே ஒரு நடுநிலை நாட்டின் கொடிக்குக் கீழே பிழைத்த ஊர். நீ வகுப்பில் கேட்டது அரைகுறை. முழுதாகச் சொல்கிறேன், கேள்.

ஆயிரத்து எழுநூற்று எண்பது வாக்கில் இங்கிலாந்து ஒரு பக்கம் அமெரிக்காவோடு மல்லுக்கட்டியது, இன்னொரு பக்கம் பிரான்ஸோடும் ஸ்பெயினோடும். இந்தச் சண்டையில் சம்பந்தமே இல்லாத வடக்கு நாடுகள் டென்மார்க், ஸ்வீடன், ரஷ்யா. அவர்கள் பாட்டுக்கு மரமும் தாரும் சணலும் ஏற்றிக்கொண்டு வியாபாரத்துக்குப் போனார்கள். ஆங்கிலேயக் கப்பல் நடுக்கடலில் மறிக்கும். உள்ளே ஏறிக் கிளறும். இது எதிரிக்குப் போகிற சரக்கு என்று அள்ளிக்கொண்டு போகும். டென்மார்க் தனியாகக் கேட்டது, எவனும் சட்டை செய்யவில்லை. ஸ்வீடன் தனியாகக் கேட்டது, அதற்கும் அதே மரியாதைதான். அப்புறம்தான் ரஷ்ய மகாராணி ஓர் அறிக்கை விட்டார். மற்ற இரண்டு நாடும் வந்து சேர்ந்துகொண்டன. நாங்கள் யார் பக்கமும் சண்டை போட மாட்டோம். ஆனால் எங்கள் கப்பலில் இருக்கிற சரக்கு, போர்த் தளவாடம் தவிர, எவனுடையதாக இருந்தாலும் தொடக்கூடாது. துறைமுகத்தை அடைத்துவிட்டோம் என்று வாயால் சொன்னால் போதாது, அங்கே கப்பலை நிறுத்தி அடைத்திருக்க வேண்டும். இதற்குக் காவலாக எங்கள் போர்க்கப்பல்களும் வரும். இதுதான் ஆயுதமேந்திய நடுநிலை. நடுநிலைக்கு எதற்கு ஆயுதம் என்று ஒவ்வொரு வருஷமும் கடைசி பெஞ்சில் ஒருத்தி சிரிப்பாள். நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஆயுதம் என்றால் கம்பெனி வாசலில் நடக்கிற ஆயுத பூஜைதான். ஒரு பெண் பரீட்சையிலேயே ‘ஆயுத பூஜை நடுநிலை’ என்று எழுதிவிட்டாள். அவளைக் கேலி செய்தோம். அவளாவது நடுநிலைக்குப் பக்கத்தில் ஆயுதம் என்ற வார்த்தை வரும் என்று நினைவு வைத்திருந்தாள். என் மகன் அதைக் கழற்றிப் போட்டுவிட்டு மிச்சத்தை மட்டும் வைத்துக்கொண்டான்.

அந்த மூன்று நாடும் ஒன்றாக நின்ற வரைக்கும் ஆங்கிலேயன் பல்லைக் கடித்துக்கொண்டு ஒதுங்கித்தான் போனான். அவர்கள் அவன் எதிரியோடு சேரவில்லை. அவன் காலிலும் விழவில்லை. தங்களுக்கு இது நியாயம் என்று பட்டதை மூன்று பேரும் ஒரே வார்த்தையில் சொன்னார்கள், அவ்வளவுதான். அந்தக் காலத்தில் தரங்கம்பாடியில் பறந்தது டென்மார்க் கொடி. சுற்றிலும் சண்டை நடக்க, எங்கள் ஊர்க் கடைத்தெரு அமோகமாக நடந்ததாம்.

இதில் வெட்கக்கேடும் உண்டு. அதையும் மறைக்க மாட்டேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் கிறிஸ்துமஸ் விடுமுறையில் நாம் எல்லோரும் சதுரங்கப்பட்டினம் கோட்டைக்குப் போனோமே, சுடலையும் வந்தானே. ஆமை ஓட்டைப் பொறுக்கிக்கொண்டு நீ கடல் பக்கம் போய்விட்டாய். நான் அவனிடம் கதை சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இந்தக் கோட்டை டச்சுக்காரனுடையது. அவர்களும் அந்த நடுநிலைக் கூட்டணியில் சேர முடிவெடுத்தார்கள். சேருவதற்குள் இங்கிலாந்து வேறு ஒரு காரணத்தைச் சொல்லி அவர்கள் மேல் போர் தொடுத்துவிட்டது. இங்கே சதுரங்கப்பட்டினமும் போயிற்று, நாகப்பட்டினமும் போயிற்று. சுடலை வாயில் வைத்த முறுக்கைக் கடிக்காமல் கேட்டான்: “மத்தவங்கல்லாம் வரலியா டீச்சர்? சேந்துதான இருக்கோம்னு சொன்னாவ?” வரவில்லை என்றேன். அது உங்கள் தனிச் சண்டை, கூட்டணிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள் என்றேன். அவன் இடிந்த சுவரைப் பார்த்துக்கொண்டு, “இப்பிடிக் கூடவா மனுசன் சொல்லுவான்?” என்றான். பாவி, அன்றைக்கு அவனுக்கு நான் சொல்லிக்கொடுத்தது எதிர்காலம் என்று எனக்குத் தெரியவில்லை.

இப்போது என் கதைக்கு வருகிறேன், ஏனென்றால் நீ இதை எங்கே கற்றாய் என்று எனக்குத் தெரியும். நீ பத்தாம் வகுப்பு படித்த வருஷம் எங்கள் பள்ளியில் தமிழ் நடத்திய சரோஜா டீச்சரை வெளியே அனுப்பினார்கள். கட்டடத்துக்கு நன்கொடை கொடுத்தவர் ஒருவரின் பையனுக்கு அரையாண்டு மதிப்பெண்ணைத் திருத்தியதை அவர் தட்டிக்கேட்டார். திருத்திய தாளை ஸ்டாப் ரூமில் நாங்கள் ஆறு பேரும் கண்ணால் பார்த்தோம். நிர்வாகி எங்களை ஒருவர் ஒருவராகத் தன் அறைக்கு அழைத்தார். ஆறு பேரையும் சேர்த்து அழைக்கவில்லை, இதைக் கவனி. எனக்கு முன்னால் காபி வைத்தார். “நீங்க பெரியவங்க, நடுநிலையா சொல்லுங்க, நீங்க பாத்தீங்களா?” என்றார். நான் இரண்டு பக்கமும் சேரவில்லை ஐயா என்றேன். அந்தக் காபியையும் குடித்தேன். அன்று காலையில்தான் பன்னிரண்டாம் வகுப்பில் ஆயுதமேந்திய நடுநிலையைப் பற்றிக் கரும்பலகை நிறைய எழுதிப் போட்டுவிட்டு வந்திருந்தேன். வீட்டுக்கு வந்ததும் நீ, “சரோஜா டீச்சர் ஏம்மா பையைத் தூக்கிக்கினு அழுதுக்கினே போனாங்க?” என்று கேட்டாய். “நமக்கெதுக்குடா, போய்ப் படி” என்றேன். நீ நல்ல பிள்ளை, சொன்னதை அப்படியே படித்துக்கொண்டாய்.

அதற்கு அப்புறம் எங்கள் ஆறு பேருக்கும் என்ன மரியாதை கிடைத்தது என்று நினைக்கிறாய்? ஒருத்திக்கு வகுப்பைப் பறித்தார்கள், இன்னொருத்தி பிரசவ விடுப்புக்கு நடையாய் நடந்தாள். யாருக்காகவும் யாரும் வாய் திறக்கவில்லை. வாய் திறக்க மாட்டோம் என்று ஏற்கெனவே ஒருவர் ஒருவராகப் போய்ச் சொல்லிவிட்டோமே! சரோஜாவை ஒரு முறை ஸ்ரீபெரும்புதூர் பஸ் நிலையத்தில் பார்த்தேன். ‘நல்லா இருக்கீங்களா டீச்சர்’ என்று அவரே முதலில் கேட்டார். அவர் பஸ் வரும் வரைக்கும் கூட நிற்க எனக்குத் தைரியம் வரவில்லை.

உனக்கு இன்னொரு முடிச்சும் இருக்கிறது, அதையும் நான் அறிவேன். நீ டிக் போட்ட அந்த செக் ஷீட். ‘இரண்டு கை பட்டன்: சரி’ என்று மணிக்கு மணி டிக் போட்டிருக்கிறாய், குச்சியைக் கண்ணால் பார்த்துக்கொண்டே. எங்கள் ஊரிலும் இதுதான் நடந்தது. நடுநிலைக் கொடிக்கு மதிப்பு ஏறியதும், எவன் எவனுடைய சரக்குக்கோ டென்மார்க் சரக்கு என்று பொய்க் காகிதம் எழுதிக் கொடுத்தார்கள். பொய்க் காகிதம் கொடுத்த பிறகு ‘என் கப்பலைச் சோதிக்காதே’ என்று கேட்பவனுடைய குரல் எப்படி எழும்பும்? நடுநிலைக்காரனுக்கு இருக்கிற ஒரே சொத்து அவன் காகிதம் உண்மையாக இருப்பது. உன் காகிதம் பொய். அதனால்தான் உன் வாய் திறக்கவில்லை. யூனியன், மேனேஜ்மென்ட் எல்லாம் நீ எனக்குச் சொன்ன சாக்கு.

அப்படியானால் என்ன செய்வது என்று கேட்பாய். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு விசாரணை மறுபடி நடக்கிறது. நீங்கள் நாலு பேரும் ஒன்றாகப் போங்கள். ஒருவர் ஒருவராகக் கூப்பிட்டால், நாங்கள் நாலு பேரும் சேர்ந்துதான் சொல்வோம் என்று கதவிலேயே நில்லுங்கள். ஒரே தாள், நாலு கையெழுத்து. குச்சி நாலு பிரஸ்ஸிலும் இருந்தது, வைக்கச் சொன்னது ஷிப்ட் இன்சார்ஜ், பார்த்தும் சரி என்று டிக் போட்டது நான் என்பது உன் வரி. இதில் யூனியனுக்கு ஜே போடுகிற வரி ஒன்றும் இல்லை. கம்பெனியை ஒழிக என்கிற வரியும் இல்லை. உள்ளது உள்ளபடி. நடுநிலை என்றால் இதுதான், தம்பி. எந்தப் பக்கமும் சாயாமல் நடந்ததைச் சொல்வது. அதைத் தனியாகச் சொன்னால் ஒரு ஆளைத் தூக்கிவிடுவார்கள். மூன்று பிரஸ் ஆளையும் குவாலிட்டியையும் ஒரே நாளில் தூக்கிவிட்டு எவனை வைத்துக் கீல் அடிப்பார்கள்?

எல்லாம் நல்லபடியாக முடியும் என்று பொய் சொல்ல மாட்டேன். இருபது வருஷம் கழித்து அந்த வடக்கு நாடுகள் இரண்டாம் முறை கூட்டணி சேர்ந்தபோது, ஆங்கிலேயன் நேராக டென்மார்க்கின் தலைநகருக்கே போய் அடித்தான். காற்று சரியில்லை என்று ஸ்வீடன் கப்பல் வரவில்லை. ரஷ்ய மன்னரை அதற்குச் சில நாள் முன்னால் அவர் அரண்மனையிலேயே கொன்றுவிட்டிருந்தார்கள். டென்மார்க் தனியாக நின்று அடி வாங்கியது, எங்கள் தரங்கம்பாடியிலும் கொடி இறங்கியது. உன் கன்பர்மேஷன் போகலாம். அந்த மூன்று பேரில் ஒருவன் வியாழக்கிழமை சாயங்காலம் காய்ச்சல் என்று படுத்துக்கொள்ளலாம். அப்போதும் நீ போக வேண்டும் என்றுதான் சொல்கிறேன். பெற்றவள் இப்படிச் சொல்லலாமா என்று உன் அப்பாவே கேட்டார். சொல்லக்கூடாதுதான். ஆனால் பெற்றவள் ஒரு தரம் காபி குடித்துவிட்டு வந்ததன் பலனை இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இவ்வளவும் நேற்றே எழுதி முடித்துவிட்டேன். இன்று காலையில் சுடலை ஒரு காகிதக் கட்டோடு கீழே இறங்கி வந்தான். முதல் விசாரணையில் அவன் சொன்னதை இங்கிலீஷில் டைப் அடித்துக் கொடுத்திருக்கிறார்கள். “என்ன எழுதியிருக்காவன்னு படிச்சுச் சொல்லுங்க டீச்சர்” என்றான். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் இடது பெருவிரல் ரேகை. ஐ.டி.ஐ. படித்தவனிடம் கைநாட்டு வாங்கியிருக்கிறார்கள், வலது கை கட்டில் இருக்கிறதே என்று. படித்து ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். மூன்றாம் பக்கத்தில் ஒரு கேள்வி: சம்பவம் நடந்த ஷிப்டில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர் உன் பிரஸ்ஸைச் சோதித்தாரா, பட்டனில் குச்சி இருந்ததை அவர் பார்த்தாரா? அதற்குக் கீழே அவன் பதில்: இல்லை. அவர் வரும்போது நான் குச்சியை எடுத்து மறைத்துவிடுவேன். அவருக்கு ஒன்றும் தெரியாது.

நான் அந்த இடத்தில் நிறுத்திவிட்டேன். “நீ எப்போடா எடுத்து மறைச்சே?” என்று கேட்டேன். அவன் தரையைப் பார்த்தான். “நான் மறைக்கல டீச்சர். தம்பிக்கு இந்த மாசந்தான கன்பார்ம் ஆவுது. எனக்குத்தான் போயிட்டு, அவுகளுக்கும் என்னத்துக்குப் போவணும்?” என்றான். தன்னிஷ்டத்துக்குத்தான் குச்சி வைத்தான் என்று நிரூபிக்க அவர்களுக்கு ஒரு சாட்சியும் கிடைக்காமல் இருந்தது. மறைத்தேன் என்றால் தானாகத்தான் வைத்தான் என்றுதானே ஆகும்? உனக்காக அவனே அந்தச் சாட்சியைச் சொல்லிவிட்டு, கட்டுப் போடாத கையால் ரேகையும் வைத்துவிட்டு வந்திருக்கிறான்.

இந்த வரியை அவனுக்குத் தெரியாமல்தான் எழுதுகிறேன். சொல்லக்கூடாது என்று சத்தியம் கேட்டான், நான் செய்து கொடுக்கவில்லை. வெள்ளிக்கிழமைக்குப் பள்ளியில் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். ஒன்பதரைக்கே அவனைக் கூட்டிக்கொண்டு உங்கள் கம்பெனி கேட்டுக்கு வந்துவிடுவேன். உள்ளே விட மாட்டார்கள், தெரியும். வெளியே வெயிலில் நிற்பேன். அவனை உள்ளே கூட்டிக்கொண்டு போக ஓர் ஆள் வேண்டும், கேட்டுக்கு வா.

அம்மா